ஐந்தாம் விதியை வெட்டிய கை

வியன்னா, 9 ஜனவரி 2012

முனைவர் ஒர்னெல்லா கெட்ஸி அவர்களுக்கு,

தங்களுடைய புதிய கட்டுரையை வெள்ளிக்கிழமை பள்ளியின் ஆசிரியர் அறையில் அச்செடுத்துப் படித்தேன். படித்தேன் என்பது பொய். தலைப்பையும் கடைசிப் பக்கத்து நன்றியுரையையும் மட்டும்தான் படித்தேன். அதற்குமேல் கண் ஒத்துழைக்கவில்லை.

தலைப்பு: "நான்கு விதிகளிலிருந்து குவாண்டம் கொள்கை." நன்றியுரையில், பயணச் செலவு கொடுத்த அறக்கட்டளைக்கும் அச்சுப்பிழை பார்த்த மாணவிக்கும் நடுவில், "பயனுள்ள உரையாடல்களுக்காக ரோ. ஹோல்சல்" என்று என் பெயர்.

எட்டு ஆண்டுகள், ஒர்னெல்லா. அவை உரையாடல்களா?

'தாங்கள்' என்றே கடைசி வரை எழுதுவது என்றுதான் உட்கார்ந்தேன். அது உனக்கு உறைக்கும் என்று நினைத்தேன். மூன்று பத்திக்குமேல் என்னால் முடியவில்லை. போகட்டும்.

நாம் எதற்காகச் சேர்ந்தோம் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். குவாண்டம் கணக்கை உலகமே மனப்பாடமாகப் போடுகிறது. அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டால், போட்டால் விடை வருகிறது, பேசாமல் போடு என்கிறார்கள். ஒரு பரிசோதனைச் சாலையில் மனிதரால் செய்ய முடிந்ததை மட்டும் வைத்துக்கொள்வோம் என்றோம். ஒன்றைத் தயாரிக்கலாம், மாற்றலாம், அளக்கலாம், அவ்வளவுதான். இவற்றைப் பற்றிச் சாதாரண வார்த்தைகளில் சில விதிகள் எழுதி, அவற்றிலிருந்தே அந்தக் கணக்கு முழுவதையும் வரவழைப்போம் என்றோம். வரவழைத்தோம். 2004-இல், ஐந்து விதிகளில். முதல் நான்கும் நீ எழுதியவை அல்லது நாம் எழுதியவை. ஐந்தாவது நான் எழுதியது. இரண்டு பொருள் சேர்ந்த ஜோடியைப் பற்றி அறிய, ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும் என்ற விதி.

நாம் இருவரும் எழுதிவந்த பச்சை நோட்டின் முதல் பக்கத்தில், நமக்கென்று இன்னும் இரண்டு விதி எழுதியிருந்தோம். ஒன்று: ஒவ்வொரு விதிக்கும் ஒரு காவல் உலகம் வேண்டும். அதாவது, மற்ற விதிகள் எல்லாம் பொருந்தி, அந்த ஒரு விதி மட்டும் பொய்யாகும் ஒரு கற்பனை உலகத்தைக் கட்டிக் காட்ட வேண்டும். கட்ட முடிந்தால் அந்த விதி தேவை, இல்லையென்றால் வெட்டு. இரண்டு: ஒருத்தியின் வரியை இன்னொருத்தி வெட்டக்கூடாது. எழுதியவள்தான், மற்றவள் பார்த்திருக்க, தன் கையால் சிவப்புக் கோடு போட வேண்டும். என்னுடைய எத்தனை வரிகளில் நானே கோடு போட்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

ஐந்தாம் விதியில் கோடு போட்டது யார் கை?

பெர்னில் நீ பேசிய கூட்டத்தில் நம் பழைய நண்பன் உர்ஸ் இருந்தான். போன வாரம் ஃபோனில் சொன்னான். ஐந்தாம் விதியைப் பற்றி ரோஸ்வித்தா என்ன நினைக்கிறாள் என்று யாரோ கேட்டார்களாம். "அவங்க இப்ப ஸ்கூல் பிள்ளைங்களுக்கு நெம்புகோல் சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருக்காங்க. இதையெல்லாம் விட்டு ரொம்ப நாளாச்சு" என்று நீ சொன்னாயாம். அரங்கமே சிரித்ததாம்.

நான் தேவையில்லை என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதைத் தேற்றமாக எழுதி நிரூபித்தவள் நீ ஒருத்திதான்.

தபாலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மின்னஞ்சல் அனுப்பினால் நீ படிப்பதற்கு முன்பே பதில் எழுதிவிடுவாய்.

ரோஸ்வித்தா

*

பவியா, 19 ஜனவரி

ரோஸ்வித்தா,

முழுக்கப் படித்தேன். இரண்டு தடவை. இப்போது பதில் எழுத அனுமதி உண்டா?

நெம்புகோல் என்று சொன்னேன். நீ நெம்புகோல்தானே சொல்லிக் கொடுக்கிறாய்? சிரித்தது அவர்கள். உர்ஸும் சேர்ந்து சிரித்தான். அதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான்.

2005 ஜூலையில் நீ போனபோது, என் அலுவலக மேசையில் சாவியும், பச்சை நோட்டும், மூன்று வரிச் சீட்டும் இருந்தன. ஒப்பந்தம் முடிந்துவிட்டது, ரயிலுக்கு நேரமாகிவிட்டது, துளசிக்குத் தண்ணீர் ஊற்று. நான் மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆறரை வருடம் வாயைத் திறக்காதவளிடம் எந்தக் கையைப் பிடித்துக் கோடு போடச் சொல்வது? நீ பார்த்திருக்க நான் வெட்டவில்லை, சரி. பார்க்க நீ எங்கே இருந்தாய்?

காவல் உலகத்தைப் பற்றி நீயே ஆரம்பித்துவிட்டாய். கேட்டுக்கொள். ஐந்தாம் விதி எதற்கு என்று நம் துறையில் யாரைக் கேட்டாலும் அதே பழைய பேயைத்தான் காட்டுவார்கள்: கற்பனை எண் என்பதே இல்லாத, வெறும் மெய்யெண்களால் ஆன குவாண்டம் உலகம். அந்தப் பேய் என் நான்காம் விதியிடம் பிழைக்காது, அதற்குப் பொருந்தாது என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது. ஒரு பொருளின் நிலை முழுக்கத் தெரியவில்லை என்றால், அது முழுக்கத் தெரிந்த ஒரு பெரிய பொருளின் பாதிதான் என்ற விதியிடம். பிழைக்கும் என்றால் காட்டு என்று உன்னிடம் கேட்டேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. கடைசித் தடவை என் வீட்டு அடுக்களையில். நான் ரிசோட்டோ சோறு கிளறிக்கொண்டிருந்தேன், நீ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாய். தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னாய்: "அது வேணும்னா வேணும்டி. உனக்குச் சொல்லி என்ன ஆகப் போகுது?"

இதுதான் காவல் உலகமா? இதைத்தான் நோட்டில் எழுதியிருந்தோமா? உன் வாக்கைத் தேவவாக்காக எடுத்துக்கொண்டு, ஐந்து என்றே அச்சுக்கு அனுப்பினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்புறம் ஆறு வருடம் தனியாக உட்கார்ந்து, அந்தப் பேயை நான்காம் விதியால் ஓட்டினேன். பக்கம் 11, படம் 7. ஐந்தாம் விதி இனி விதி அல்ல, நான்கிலிருந்து தானாக வருகிற முடிவு. உன் பெயரை நான் வெட்டவில்லை. கணக்கு வெட்டியது.

மார்ச் 21 அன்று பேராசிரியர் பதவிக்கான தேர்வுக் குழு கூடுகிறது. பதினான்கு வருடமாக ஆய்வாளர் என்ற அதே நாற்காலியில் இருக்கிறேன். எனக்கு நாற்பத்தாறு வயது. இனி இங்கே இப்படி ஒரு இடம் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. என் விண்ணப்பத்தின் முதுகெலும்பே இந்தக் கட்டுரைதான்.

நன்றியுரையை மட்டும் படித்துவிட்டு ஒப்பாரி வைக்காதே. பக்கம் 11-ஐப் படி. தப்பு இருந்தால் காட்டு. இல்லையென்றால் விட்டுவிடு.

ஒர்னெல்லா

துளசி அந்த நவம்பர் மூடுபனியிலேயே செத்துவிட்டது. அதற்கும் நான்தான் காரணம் என்று எழுதிவிடாதே.

*

வியன்னா, 5 பிப்ரவரி

ஒர்னெல்லா,

படித்தேன். செமஸ்டர் விடுமுறை விட்டிருக்கிறார்கள். ஒரு வாரம் முழுக்க அதுதான் வேலை. பத்து பக்கம் வரை அழகாக இருக்கிறது. கோபத்தோடு படித்தும் அழகாக இருந்தது. இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

பக்கம் 11 தப்பு.

உன் வாக்கியம் இப்படிப் போகிறது: "எந்தச் சோதனையாலும் பிரித்தறிய முடியாத இரண்டு ஜோடி நிலைகளை எடுத்துக்கொள்வோம், அவை ஒன்றேதான்." இதில் குற்றம் இல்லை. அதற்கடுத்து, 'படம் 7-இல் காண்க' என்கிறாய். படத்தில் என்ன இருக்கிறது? இடப்பக்கம் ஜோடி. அதிலிருந்து இரண்டு கம்பிகள் புறப்படுகின்றன. மேல் கம்பியின் முனையில் ஒரு அளவைப் பெட்டி, கீழ்க் கம்பியின் முனையில் இன்னொரு அளவைப் பெட்டி. இரண்டும் தனித்தனி. எழுத்தில் "எந்தச் சோதனையாலும்" என்கிறாய். படத்தில் தனித்தனிச் சோதனைகள் மட்டும்தான் இருக்கின்றன. இரண்டு கம்பியையும் சேர்த்து விழுங்கும் பெரிய பெட்டி எங்கே? அது இல்லாமலே, தனித்தனியாக அளந்தால் போதும் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறாய். அது என் ஐந்தாம் விதி, ஒர்னெல்லா. ஐந்தாம் விதியை நிரூபிக்க ஐந்தாம் விதியையே படத்துக்குள் வரைந்து வைத்திருக்கிறாய். வேலிக்கு ஓணான் சாட்சி.

நீ ஓட்டியதாகச் சொல்லும் பேய் எங்கும் போகவில்லை. எண்ணிப் பார். மெய்யெண் உலகில் மிகச் சிறிய பொருள் ஒன்றின் நிலையைச் சொல்ல இரண்டு எண் போதும். ஒன்று உன்னிடம், ஒன்று என்னிடம் என்று வைத்துக்கொள். நீ பவியாவில் உன்னுடையதை அளந்து இரண்டு எண் சொல்கிறாய். நான் இங்கே இரண்டு சொல்கிறேன். இருவர் விடைகளையும் ஒப்பிட்டால் இன்னும் நான்கு. மொத்தம் எட்டு. ஆனால் ஜோடியின் நிலையைச் சொல்ல ஒன்பது வேண்டும். அந்த ஒன்பதாவது எண் உன் பொருளிலும் இல்லை, என் பொருளிலும் இல்லை. விடிய விடிய ஃபோனில் ஒப்பிட்டாலும் வராது. இரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்து, ஒரே கருவியில் சேர்த்து அளந்தால்தான் வரும். இவ்வளவும் இருந்தும் அந்த உலகம் உன் நான்காம் விதியை ஒரு குறையும் இல்லாமல் பின்பற்றுகிறது. நான்கு பக்கம் இணைத்திருக்கிறேன். சரிபார்த்துக்கொள்.

இந்தத் தப்பு எப்படி வந்தது என்றும் எனக்குத் தெரிகிறது. அந்தப் படத்தை 2004-இல் வரைந்தது நான். அன்று ஐந்தாம் விதி கட்டுரையில் இருந்தது. அதனால் பெட்டிகளைத் தனித்தனியாக வரைய எனக்கு உரிமை இருந்தது. நீ விதியை எடுத்துவிட்டாய், படத்தை எடுக்க மறந்துவிட்டாய். பதினைந்து வருடமாகக் கம்பி என்றாலே முனையில் ஒரு குட்டிப் பெட்டி போட்டுப் பழகிய கை உனக்கு. பென்சில் தானாகப் போட்டிருக்கும். முழுப் பூசணிக்காய் படத்தில் மறைந்திருக்கிறது. மதிப்பாய்வாளர்களும் அதே படங்களை வரைந்து பழகியவர்கள், அவர்கள் கண்ணுக்கும் படவில்லை.

என்ன செய்யப் போகிறேன் என்று யோசிப்பாய். ஒன்றும் செய்யப் போவதில்லை. மறுப்புக் கட்டுரை எழுத மாட்டேன், உர்ஸிடம்கூடச் சொல்ல மாட்டேன். இது இரக்கம் என்று எண்ணிக்கொள்ளாதே. ஒருத்தியின் வரியை இன்னொருத்தி வெட்டக்கூடாது. நான் அந்த விதியை இன்னும் வைத்திருக்கிறேன்.

உன் தேற்றத்தை நீயே வெட்டு. 21-ஆம் தேதிக்கு முன்னால்.

ரோஸ்வித்தா

*

பவியா, 13 பிப்ரவரி

படத்தைத் தூக்கிவிட்டேன். எழுத்தாலேயே நிரூபித்திருக்கிறேன். இரண்டு பக்கம், இணைத்திருக்கிறேன். உன் ஒன்பதாவது எண்ணுக்கு என் நான்காம் விதியின் வலுவான வடிவத்தில் இடமில்லை.

பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி விடுமுறையில் திருத்திய விடைத்தாளுக்காகப் பதினான்கு வருடத்தைக் குப்பையில் போட முடியாது. எழுதியபிறகு இந்த வரியை அடிக்கலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. உன் கடிதத்தில் 'அழகாக இருக்கிறது' என்று எழுதியிருந்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒர்னெல்லா

*

வியன்னா, 20 பிப்ரவரி

ஒர்னெல்லா,

டீச்சர் திருத்தியாகிவிட்டது.

முதல் பக்கம், கீழிருந்து மூன்றாவது வரி: "இரு பகுதிகளிலும் ஒத்துப்போவதால் முழுமையிலும் ஒத்துப்போகும்." அதே திருடன், அதே சன்னல். படத்தை எடுத்தாய், வாக்கியமாக உள்ளே வந்துவிட்டான். நான்காம் விதியின் வலுவான வடிவம் என்று நீ எழுதியிருப்பது உன் பழைய நான்கையும் என் ஐந்தையும் ஒரே வாக்கியத்தில் தைத்தது. அப்படித் தைத்தால் நான்கு என்று எண்ணலாம்தான். இரண்டு கால்சட்டையை இடுப்பில் தைத்துவிட்டு, ஒன்றுதான் இருக்கிறது என்று சொல்வதுபோல.

பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் வருடம் கரும்பலகை முன்னால் நிற்கவே எனக்கு அவமானமாக இருந்தது. இப்போது இல்லை. 'ஏன்' என்று ஒரு பெண் கேட்டால், அதுதான் சூத்திரம், எழுதிக்கொள் என்று நான் சொல்வதில்லை. நம் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்று சில நாள் தோன்றும். பல நாள் தோன்றாது. தேர்வுத்தாள் கட்டோடு 44-ஆம் எண் டிராமில் நின்றுகொண்டு வருவேன், ஜன்னல் கண்ணாடியில் பெட்டியும் கம்பியும் வரைவேன், ஆவி மூடிவிடும். நான் விட்டுவிட்டேன் என்று நீ பெர்னில் சொன்னாய். நான் விடவில்லை. என்னை நிறுத்திவிட்டார்கள். இரண்டும் வேறு வேறு.

உன் மூன்று கடிதங்களும் வந்தன. முதலாவதைப் பிரித்தேன். அலுவலகத்துக்குப் புதிதாக வந்தவனுக்கு என் மேசையைக் கொடுத்துவிட்டார்கள், ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டிருக்கிறான் என்று எழுதியிருந்தாய். மற்ற இரண்டையும் பிரிக்கவில்லை.

பச்சை நோட்டு இன்னும் உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் தூக்கிப் போடாதே. காரணம் கேட்காதே. கேட்டாலும் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

ரோஸ்வித்தா

*

பவியா, 4 மார்ச்

ரோஸ்வித்தா,

தூக்கிப் போடாதே என்றாய். அதனால் எடுத்துப் பார்த்தேன். அலமாரியின் அடித்தட்டில், பழைய தேர்வுத் தாள்களுக்குக் கீழே கிடந்தது.

17 நவம்பர் 2003. உன் கையெழுத்து. அதே ஜோடி, அதே இரண்டு கம்பி. முனையில் தனித்தனிப் பெட்டி போட்டு, பக்கத்தில் '8'. அதற்குக் கீழே மறுபடி வரைந்து, இரண்டு கம்பியையும் சேர்த்து ஒரே பெரிய பெட்டி போட்டு, '9'. அதன் அடியில் இரண்டு கோடிட்டு, "நான்காம் விதியிடம் பேய் பிழைக்கிறது." நகல் இணைத்திருக்கிறேன். உனக்குத் தேவையிருக்காது, நீதானே எழுதியது.

அப்படியென்றால் உனக்குத் தெரிந்திருக்கிறது. நாம் கட்டுரை அனுப்புவதற்கு நான்கு மாதம் முன்பே தெரிந்திருக்கிறது. நான் மூன்று தடவை கெஞ்சிக் கேட்டபோது, வெங்காயம் நறுக்கிக்கொண்டு "உனக்குச் சொல்லி என்ன ஆகப் போகுது" என்றபோது, எல்லாம் தெரிந்துதான் சொல்லியிருக்கிறாய். காவல் உலகத்தைக் கட்டி முடித்து உன் பைக்குள் வைத்துக்கொண்டாய். எதற்கு? தனியாக ஒரு கட்டுரை போடவா? நான் பாலத்தில் நடந்து வருவேன், பலகை இல்லாத இடம் உனக்குத் தெரியும், கால் வைக்கும்வரை காத்திருக்கலாம் என்றா? நான் ஆறு வருடம் நடந்தேனடி. ஞாயிற்றுக்கிழமைகளில், டிச்சீனோ ஆற்றங்கரையில் எல்லோரும் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போது, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, இல்லாத ஒரு பலகையை நோக்கி.

நான் உன் வரியை வெட்டியதற்கு இவ்வளவு பேசினாயே. காவல் உலகத்தைக் கட்டிக் காட்ட வேண்டும் என்பதும் அதே முதல் பக்கத்தில்தானே இருக்கிறது?

போதும். வெட்டிவிட்டேன். நேற்று காலை இணையக் களஞ்சியத்திலிருந்து கட்டுரையைத் திரும்பப் பெற்றேன், இதழுக்கும் எழுதிவிட்டேன். குறிப்பு இதுதான்:

"இக்கட்டுரையின் முதன்மைத் தேற்றம் தவறானது. படம் 7, நிரூபிக்க வேண்டியதையே எடுத்துக்கொண்டுவிடுகிறது. ஐந்தாம் விதி தேவை. அதைக் காட்டும் எதிருதாரணத்தை ரோஸ்வித்தா ஹோல்சல் 17 நவம்பர் 2003 அன்றே கண்டிருந்தார். – ஒ. கெட்ஸி"

நன்றியுரையில் பெயர் சின்னதாக இருக்கிறது என்றாய். இப்போது பெரிதாகப் போட்டிருக்கிறேன், தேதியோடு. தேதியைப் படிக்கிறவர்கள் படிக்கட்டும். 2004-இல் வந்த கட்டுரையின் இன்னொரு ஆசிரியைக்கு அது ஏன் தெரியாமல் போனது என்று அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.

தேர்வுக் குழுத் தலைவரைப் போய்ப் பார்த்தேன். மரியாதையான மனிதர். காபி வரவழைத்தார். "கெட்ஸி, இன்னும் மூணு வாரம் பொறுத்திருக்கலாமே" என்றார். அது முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். என்ன சொல்வது? பச்சை நோட்டில் எழுதியிருக்கிறது என்றா?

இனி எழுதாதே.

ஒர்னெல்லா

*

வியன்னா, 10 மார்ச்

ஒர்னெல்லா,

எழுதாதே என்றாய். இந்த ஒன்று மட்டும்.

நகல் பார்த்தேன். ஒரு பக்கத்தைத்தான் நகல் எடுத்திருக்கிறாய். நோட்டில் அந்தத் தாளைத் திருப்பிப் பார்.

அது ஒரு திங்கள்கிழமை. காலையில் நோட்டை அந்தப் பக்கத்தில் திறந்து, உன் மேசையில், உன் காபிக் கோப்பை இருக்கும் இடத்தில் வைத்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீயே பார்த்துவிட்டுக் கத்திக்கொண்டு வருவாய் என்று எதிர்பார்த்தேன். அன்று முழுவதும் தாழ்வாரத்தில் உன் காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் நோட்டு என் மேசைக்குத் திரும்பி வந்திருந்தது. பின்பக்கத்தில் எழுதியிருந்தது. உன் எழுத்து.

அதற்குப் பிறகு மூன்று தடவை கேட்டாய் என்கிறாய். ஆமாம், கேட்டாய். ஒவ்வொரு தடவையும், காட்டியாகிவிட்டதே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். நீ படிக்கவே இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். 'நோட்டைப் பார்' என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. வெங்காயம் நறுக்கினேன்.

நீ ஒருநாள் அந்த இடத்தில் விழ வேண்டும் என்று நான் நினைத்தேனா என்று சில நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இல்லை என்று எழுதிப் பார்த்தேன். கை அடுத்த வரிக்குப் போக மறுக்கிறது. அதனால் அந்த 'இல்லை'யை அடித்துவிட்டேன். என் வரி, என் கோடு.

உன் குறிப்பில் தேதி சரி. 'கண்டிருந்தார்' என்பதும் சரி. நான் ஒளித்தேன் என்று யாராவது படித்தால், அதிலும் பாதி சரி. திருத்தச் சொல்லிக் கேட்க மாட்டேன்.

ஆனால் மேசையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டதில் இன்னும் எனக்குக் கோபம்.

ரோஸ்வித்தா

*

பவியா, 23 மார்ச்

ரோஸ்வித்தா,

திருப்பினேன்.

"இந்தப் பேய்க்கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். இப்போ நேரமில்லை, அப்புறம் பார்க்கலாம்." அதற்குக் கீழே: "முட்டை ஆறு. சோப்புத்தூள். அரிசி, கார்னரோலி. அப்பாவுக்கு ஸ்டாம்ப்."

என் எழுத்துதான். முட்டைக்கு நேரே டிக் போட்டிருக்கிறேன். அதாவது அந்த நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போய்வந்திருக்கிறேன். உன் ஒன்பதாவது எண்ணைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு முட்டை வாங்கியிருக்கிறேன்.

குறிப்பை மாற்றிவிட்டேன். களஞ்சியத்தில் இப்போது இருப்பது மூன்றாம் வடிவம்: "... ரோஸ்வித்தா ஹோல்சல் 17 நவம்பர் 2003 அன்று கண்டு, அன்றே எனக்குக் காட்டினார். நான் படிக்கவில்லை." நீ கேட்கவில்லை. உனக்காகவும் செய்யவில்லை. அது அப்படித்தான் நடந்தது.

முந்தாநாள் குழு கூடியது. பதவி தூரினிலிருந்து வந்த ஒருவருக்குப் போயிற்று. முப்பத்தெட்டு வயது. நல்ல வேலை செய்கிறவர்தான். கைகுலுக்கினேன். வீட்டுக்கு வந்து, அடுப்பில் தண்ணீர் வைத்து, அது வற்றும்வரை நின்றுகொண்டிருந்தேன். அவ்வளவுதான். நாளைக்கு எட்டரைக்கு வகுப்பு இருக்கிறது.

நான் சமாதானம் ஆகிவிட்டேன் என்று எண்ணிவிடாதே. எனக்கு உன்மேல் கோபம் தீரவில்லை. மேசைமேல் திறந்து வைத்துவிட்டு, பார்ப்பாளா என்று காத்திருப்பது காட்டுவதாகாது. கத்தியிருக்க வேண்டும். நோட்டால் என் தலையில் ஒன்று போட்டிருக்க வேண்டும். நீ எப்போதும் இப்படித்தான். சத்தமில்லாமல் காயப்பட்டு, சத்தமில்லாமல் ரயில் ஏறிவிடுவாய். உன் மேசையை இழுத்தது அவன், நானில்லை. ஆனால் நான் தடுக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இரண்டாவது கடிதம் எழுதினேன். நீ பிரிக்கவில்லை.

பச்சை நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். பதிவுத் தபாலில். நகல் எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் விதிகளின் பட்டியல் இருக்கிறது, பார். நான்காம் விதியின் வலுவான வடிவம் என்று பிப்ரவரியில் உனக்கு ஒன்று அனுப்பினேனே, அதை அங்கே ஒட்டி, அதன்மேல் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். நீ பார்த்திருக்கவில்லை, அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஐந்தாம் விதியின்மேல் போன வருடம் நான் போட்ட கோட்டை அழித்துப் பார்த்தேன். சிவப்பு மை, தாள் கிழியப் பார்த்தது. விட்டுவிட்டேன்.

அந்த விதிக்கு இப்போது காவல் உலகம் இருக்கிறது. அதனால் அது மறுபடி பட்டியலில் ஏற வேண்டும். நான் எழுத முடியாது, அது உன் வரி. கீழே இடம் விட்டிருக்கிறேன்.

ஒர்னெல்லா